பிள்ளைக்கு முதல் தூண்டில்: மூங்கில் கம்பா, ரீல் ராடா?

ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மீன் பிடிக்கச் சொல்லித் தர எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் மூங்கில் தூண்டில்தான். பழைய பாசத்தில் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கின்றன. என் மகளுக்கு நான் மூங்கில் வெட்டி முள் கட்டிக் கொடுத்த அதே சமயத்தில் தம்பி அவன் மகனுக்கு ரீல் செட், அதாவது இழையைச் சுற்றி வைக்கிற உருளை பொருத்திய ராட், வாங்கி வந்தான். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர் வாய்க்கால் படித்துறையில் ஒரு சீசன் முழுக்க இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தார்கள், அதே தண்ணீர், அதே மண்புழு. அதனால் ஒப்பிட்டுப் பேசுகிற அளவுக்கு எனக்குப் பார்க்கக் கிடைத்தது.

விலையை முதலில் முடித்துவிடுவோம். மூங்கில் கொல்லையில் இருந்தால் காசே இல்லை, இல்லாவிட்டாலும் தங்கூசி என்கிற நைலான் இழை, முள், மிதக்கிற தக்கை எல்லாம் சேர்த்து ஒரு வேளை டிபன் செலவுதான். ரீல் செட் என்றால் சுமாரானதே ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். பார்க்க எது அழகு என்றால் ரீல்தான், பிள்ளைகள் கண் அதன் மேல்தான் போகும், அதில் இரண்டு பேச்சு இல்லை. தூரம் போட வேண்டுமென்றாலும் ரீல்தான். பெரிய மீன் மாட்டினால் இழுக்கவிட்டுக் களைக்க வைத்துப் பிடிக்கவும் ரீல்தான் வசதி. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தூரமும் பெரிய மீனும் அவசரமில்லை. எங்கள் பக்கம் வாய்க்காலில் அந்த வயதுக்குக் கிடைக்கிற மீன் கரையோரம் கோரை, வெங்காயத்தாமரை ஓரங்களில்தான் நிற்கும். ஜிலேபி, சின்னக் கெண்டை, கெளுத்தி, எப்போதாவது ஒரு குறவை. இதில் எதற்குமே எட்டடிக்கு மேல் போட வேண்டிய அவசியம் வராது.

கடைசியில் என் மனதில் தீர்ப்பை முடிவு செய்தது ஒரே ஒரு விஷயம். சிக்கு.

ரீலில் சிக்கு எப்படி விழுகிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற சாதாரண ரீலில், முன்னால் இருக்கிற கம்பி வளையத்தைத் திறந்துவிட்டு வீச வேண்டும், வீசியதும் மூட வேண்டும், பிறகு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றும்போது தங்கூசி கொஞ்சம் விறைப்பாக வந்தால்தான் உருளையில் இறுக்கமாகப் படியும். பெரியவர்கள் ஒரு விரலை இழையில் வைத்துக்கொண்டு இதைத் தன்னையறியாமல் செய்துவிடுவோம். பிள்ளை அப்படிச் செய்யாது. இழை தொய்வாகக் கிடக்கும்போதே அது ஆசையாகச் சுற்றும், அதற்கு ரீலில் பிடித்ததே அந்தச் சுற்றுதான். தொய்வாக ஏறிய இழை உருளை மேல் தளர்ந்த வளையம் வளையமாக உட்கார்ந்துகொள்ளும், அப்போது வெளியே எதுவும் தெரியாது. அடுத்த முறை வீசும்போது அந்த வளையங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மொத்தமாக வெளியே வரும், கையில் ஒரு கொத்து. இன்னொரு வகையும் உண்டு. மீன் இழுக்கும்போது ரீலின் பிடிமானம், அதாவது இழை வெளியே ஓடாமல் இறுக்கிப் பிடிக்கிற அமைப்பு, தளர்வாக இருந்து, பிள்ளை சுற்றிக்கொண்டே இருந்தால் இழை உள்ளே ஏறாது, முறுக்கு மட்டும் ஏறும். முறுக்கேறிய தங்கூசி கொஞ்சம் தொய்ந்தால் போதும், தானாகவே சுருண்டு முடிச்சு விழும்.

“பெரியப்பா, சுத்த மாட்டேங்குது” என்று தம்பி மகன் ராடைத் தூக்கிக்கொண்டு வருவான். நான் உட்கார்ந்து பிரிப்பேன், தம்பி வந்திருந்தால் அவன் பிரிப்பான். பிரிக்க முடியாவிட்டால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி முள் கட்ட வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பையன் என்ன செய்வான்? தண்ணீரில் கல் எறிவான், என் மகள் தக்கைக்குப் பக்கத்திலேயே எறிவான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் கையில் வேலை இல்லை. இதுதான் என் வாதத்தின் மையம்: கெட்டுப்போனதைப் பிள்ளையே சரிசெய்ய முடிகிற கருவியாக இருந்தால் பிள்ளை மீன் பிடிக்கும், பெரியவர்தான் சரிசெய்ய வேண்டும் என்றால் பெரியவர் பழுது பார்ப்பார், பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

மூங்கில் தூண்டிலில் சிக்கு விழவே விழாதா? விழும். கோரையில் மாட்டும், கம்பு நுனியில் சுற்றிக்கொள்ளும், பக்கத்து ஆள் தங்கூசியோடு பின்னிக்கொள்ளும். ஆனால் மொத்தமே ஆறேழு அடி இழைதான். கம்பைப் படியில் கிடத்திவிட்டு நுனியிலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தால் ஏழு வயதுப் பிள்ளையே பிரித்துவிடும். என் மகள் முதல் மாதத்திலேயே இதைத் தானாகச் செய்ய ஆரம்பித்துவிட்டாள். அறுந்து போனால் முள் கட்டவும் கற்றுக்கொண்டாள். முள்ளின் காதில் இழையைக் கோத்து, அதே இழை மேல் ஐந்தாறு சுற்று முறுக்கி, நுனியைக் காதுப் பக்கம் இருக்கிற சின்ன வளையத்துக்குள் விட்டு, தண்ணீரில் நனைத்து இழுக்கிற முடிச்சு. நனைக்காமல் இழுத்தால் உரசுகிற சூட்டில் தங்கூசி வலுவிழந்துவிடும், அதை ஒரு தடவை சொன்னால் போதும், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். தண்ணீரில் நனைப்பது அவர்களுக்குப் பிடித்த வேலை.

வெட்டிப் போட்ட சிக்கு என்ன ஆகிறது என்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நைலான் இழை மக்காது. கரையில் விட்டுவிட்டு வந்தால் நாரை, நீர்க்கோழி, நீர்க்காகம் காலில் சுற்றிக்கொள்ளும். ரீல்காரப் பிள்ளை கூட வந்தால் அந்தக் குப்பையைப் போட்டுக் கொண்டுவர ஒரு டப்பா கட்டாயம் வேண்டும், நிறையச் சேரும். மூங்கிலில் சேருவது விரல் நீளத் துண்டுகள்தான், ஆனாலும் டப்பா வேண்டும்.

அடுத்தது முள். ரீல் என்றால் வீச வேண்டும், வீசுவது என்றால் முள் தோளுக்குப் பின்னால் போய்விட்டு முன்னால் வரும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பிள்ளை பார்க்காது. மூங்கிலில் வீசவே தேவையில்லை, நீட்டி இறக்கினால் போதும். கம்பின் நீளத்தைவிட இழை ஒரு சாண் குறைவாக இருந்தால், கம்பை நேராக நிமிர்த்தும்போது முள் சரியாகப் பிள்ளையின் கைக்கே வந்துவிடும், தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. இழையை நீளமாக விட்டால் இந்த வசதி போய்விடும், முள் காற்றில் ஆடும். ஏழு வயதுக்கு ஏழடிக் கம்பு, ஆறரை அடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இழை, இந்த அளவு எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது.

எதை வாங்கினாலும் முள்ளில் ஒரு வேலை செய்துவிடுங்கள். நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற சின்னச் செதிலைக் குறடு வைத்து நசுக்கிவிட வேண்டும். இழை விறைப்பாக இருக்கும்வரை மீன் நழுவாது, விரலில் குத்திவிட்டால் வந்த வழியிலேயே வெளியே வந்துவிடும். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் முள் சின்ன வாய் மீனுக்குப் போதும். இந்த வரிசையில் நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், கடையில் தெரியாமல் பெரியதை வாங்கி வந்துவிடாதீர்கள்.

ஈயக்குண்டு வேண்டவே வேண்டாம். நாமெல்லாம் பல்லால் கடித்துத்தான் அதை இழையில் பொருத்துவோம், அதைப் பார்த்துப் பிள்ளையும் கடிக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற நஞ்சு, இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மெல்லிய செப்புக் கம்பியை முள்ளுக்கு ஒரு சாண் மேலே நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் தக்கையை நிமிர்த்த அந்த எடையே போதும். தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்புத் துண்டு போதும், கிடைத்தால் நெட்டி என்கிற லேசான தக்கைத் தண்டு, அதைவிட உதிர்ந்த மயிலிறகின் தண்டு இன்னும் அருமை. தெர்மாகோல் வேண்டாம், உடைந்து உடைந்து தண்ணீரில் போகும்.

தக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மீன் பிடிக்கக் கற்பது என்பதில் பாதி அதைப் பார்க்கக் கற்பதுதான். சின்னக் கெண்டை இரையைக் கொத்திக் கொத்தி விளையாடும், தக்கை நொட்டு நொட்டென்று ஆடும், அப்போது தூக்கினால் வெறும் முள்தான் வரும். ஜிலேபி வாயில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்த்தும், சில சமயம் தக்கை படுத்துக்கொள்ளும். கெளுத்தி யோசிக்காது, ஒரே இழுப்பு, தக்கை காணாமல் போகும். இதையெல்லாம் ஒரு பிள்ளை வாயால் சொல்லக் கேட்டால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். “அப்பா, இது கெண்டை, தூக்காதே” என்று என் மகள் என்னைத் தடுத்த நாள் வந்தது. ரீலிலும் தக்கை கட்டலாம், தம்பி மகனுக்கும் கட்டியிருந்தோம். ஆனால் தக்கை தூரத்தில் கிடக்கும், நடுவில் இழை தொய்ந்து தண்ணீரில் மிதக்கும், மீன் தொட்ட செய்தி கைக்கு வந்து சேர்வதற்குள் இரை போயிருக்கும். அப்புறம் அவன் தக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சும்மா சுற்றி இழுப்பதிலேயே இறங்கிவிட்டான், தண்ணீரில் இரை கிடந்த நேரம் குறைவு.

பராமரிப்பு என்று தனியாகக் கேட்டால், மூங்கிலுக்கு ஒரே எதிரி உளுப்பது. முற்றின கழியாகப் பார்த்து வெட்டி, நிழலில் சில வாரம் காயவைத்து, தரையில் போடாமல் கூரை ஓர இறவாணத்தில் சொருகி வைத்தால் சில வருஷம் வரும். பச்சையாக வெட்டி அன்றே கட்டினால் கனமாகவும் இருக்கும், வளைந்தும் போகும். கெட்டி மூங்கில் பிள்ளைக்கு வேண்டாம், கை வலித்துவிடும், உள்ளே பொந்தாக இருக்கிற மெல்லிய நுனிக் கழிதான் சரி. கணுக்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், சிராய் ஏறினால் அதோடு ஆசையே போய்விடும். ரீலோ, சேற்றில் ஒரு தடவை விழுந்தாலே உள்ளே மணல் போய்க் கரகரக்க ஆரம்பிக்கும். பிள்ளை கையில் இருக்கிற பொருள் சேற்றில் விழாமல் இருக்காது. கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு வைக்க வேண்டும், அதையும் பெரியவர்தான் செய்ய வேண்டும்.

நடுவில் இன்னொரு வகை இருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளி அடக்குகிற ஃபைபர் கம்பு. ரீல் கிடையாது, மூங்கில் மாதிரியே நுனியில் இழை கட்டுவது, பைக்குள் அடங்கிவிடும். மூங்கில் கிடைக்காத நகரத்துக்காரர்களுக்கு இது நல்லது, என் ஓட்டு இதற்கு இரண்டாவதாக விழும். ஒரே எச்சரிக்கை: கார்பன் கம்பு என்று எழுதியிருந்தால் மின்சாரம் பாயும். வாய்க்கால் கரையில் மோட்டார் கொட்டகைக்குத் தாழ்வாகப் போகிற ஒயர்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். ஈர மூங்கிலையும் அந்தக் கம்பிகள் பக்கம் நிமிர்த்தக் கூடாது.

கைக்கயிறு, அதாவது பாட்டிலில் இழையைச் சுற்றிக் கையாலேயே வீசி இழுப்பது, இந்த வயதுக்கு வேண்டாம், மீன் இழுத்தால் விரலை அறுத்துவிடும். வெளிநாடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற, மூடி போட்ட பட்டன் ரீல் ஒன்றும் உண்டு. நண்பர் ஒருவருடையதைச் சிறிது நேரம் போட்டுப் பார்த்திருக்கிறேன், வளையம் திறந்து மூடுகிற தொல்லை இல்லாததால் பிள்ளைக்குச் சுலபமாகத்தான் தெரிகிறது. ஆனால் சிக்கு விழுந்தால் மூடிக்குள்ளே விழும், திறந்துதான் பார்க்க வேண்டும். நாள்பட வைத்துப் பழகியதில்லை என்பதால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். கடலும் அப்படித்தான், எனக்குப் பழக்கம் குறைவு. மீன்பிடித் துறைமுகத்திலோ, கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவிலோ உட்கார்ந்து பிடிக்கிற குடும்பமாக இருந்தால் ரீல் பக்கம் நியாயம் கூடும் என்று நினைக்கிறேன், அங்கே கரையோரத்தில் கம்பை நீட்டி வேலையாகாத இடங்கள் நிறைய. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழாவில் பிள்ளைகள் ஊத்தாவோடு, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கூடையோடு, இறங்குவார்களே, அது கொண்டாட்டம், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது போக வேண்டும், ஆனால் தூண்டிலின் இடத்தை அது நிரப்பாது.

எங்கே, எப்போது என்பதும் இந்தத் தேர்வில் ஒரு பங்குதான். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிற மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. புதுத் தண்ணீர் வந்து கலங்கல் ஓடுகிற நாட்களில் கெளுத்தி நன்றாகக் கடிக்கும், ஆனால் ஓட்டம் வேகமாக இருக்கும், பிள்ளைகளுக்கான நாட்கள் அவை இல்லை. தண்ணீர் நின்ற பிறகு வாய்க்காலில் அங்கங்கே தேங்குகிற குட்டைகளில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் சொல்லித் தர வேண்டும். தண்ணீர் அசையாது, ஆழம் குறைவு, மீன் பசியோடு இருக்கும். அந்தக் குட்டைகளின் அகலத்துக்கு ரீலே வேண்டாம், வீசினால் அக்கரைக் கருவேலத்தில்தான் போய் மாட்டும். புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாய்ப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே மாட்டேன், சரிவான கரை, விழுந்தால் பிடித்து ஏற ஒன்றுமில்லை. ஷட்டர் திறந்திருக்கிற மதகும் அப்படியே, உள்ளே இழுத்துவிடும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைக்கு மேல் வேண்டாம், அந்தப் பெரியவர் கையில் தூண்டிலும் வேண்டாம், போனும் வேண்டாம். ரீல் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம், குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறவரின் கண் தண்ணீரில் இருக்காது. குளம், ஏரி என்றால் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே விடுவார்கள். கோயில் குளத்தில் போடாதீர்கள், அங்கே பொரி போடுவதோடு சரி.

முதல் மீன் ஜிலேபியாக இருந்தால் நல்லது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம், நம் நாட்டுக்குள் 1952-ல் கொண்டுவரப்பட்டு எல்லா நீர்நிலையிலும் பெருகிவிட்டது, உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலும்கூட, அதனால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கத் தயங்க வேண்டாம். முதுகு முள் மட்டும் குத்தும், ஈரத் துணியால் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் பிடிக்கச் சொல்லித் தாருங்கள். கெளுத்தியைப் பிள்ளை கழற்றவே கூடாது, முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முள், பெரியவர் குறடு வைத்துக் கழற்ற வேண்டும். கெளுத்தி மாதிரியே மீசை வைத்த தேளி மீன் மாட்டினால் இன்னும் ஜாக்கிரதை, அதன் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பிள்ளை தாங்குகிற சூட்டு வெந்நீரில், நம் கையை விட்டுப் பார்த்த பிறகு, குத்திய இடத்தை முக்கி வைத்தால் வலி இறங்கும், பிறகு ஆஸ்பத்திரி. இங்கேயும் மூங்கில் கொஞ்சம் உதவும், மீன் கம்பு நுனியில் தொங்கும்போதே கரையில் தள்ளி இறக்கிவிடலாம், என்ன மீன் என்று பார்த்துவிட்டுக் கிட்டே போகலாம்.

ரீலுக்கு எப்போது மாறலாம்? தம்பிக்கும் எனக்கும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆசைப்பட்ட பொருளைக் கொடுத்தால்தான் பிள்ளை வரும், சிக்கெடுக்கவும் அதுவே கற்றுக்கொள்ளும் என்பான். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு அது சரியாக இருக்கலாம். அவன் மகன் இப்போது இழையில் விரல் வைத்துச் சுற்றப் பழகிவிட்டான், முன்னளவு சிக்கும் விழுவதில்லை. என் கணக்குப்படி முள்ளைத் தானே கட்டத் தெரிந்து, பின்னால் ஆள் இருக்கிறதா என்று சொல்லாமலே திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் கொடுக்கலாம், பெரும்பாலும் பத்து வயது வாக்கில்.

ஏற்கெனவே ரீல் செட் வாங்கிவிட்டீர்களா, அதுவும் வீணில்லை. ரீலைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். ராடின் நுனி வளையத்தில் ராட் நீளத்துக்கு ஒரு சாண் குறைவாகத் தங்கூசியைக் கட்டி, தக்கையும் முள்ளும் போட்டு அப்படியே கையில் கொடுங்கள். ராட் நாலைந்து அடிதான் இருக்கும் என்பதால் படித்துறை ஓரமாகத்தான் போட முடியும், சின்ன மீனுக்கு அது போதும்.